கோபம் உள்ள இடத்தில் குணம் உண்டா?

டாக்டர்களின் சுபாவமும், ஹார்மோன் என்னும் சாக்கும்

தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி வாசலில் விடியற்காலையில் ஓர் ஆட்டோ வந்து நிற்கிறது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியைக் கைத்தாங்கலாக இறக்குகிறார்கள். ஒரத்தநாட்டுப் பக்கமோ, பாபநாசத்துப் பக்கமோ, ஏதோ ஒரு கிராமம். கூட வந்த மாமியார் முதன்முதலாகக் கேட்கும் கேள்வி, "உள்ளே லேடி டாக்டர் இருக்காங்களா தம்பி?" என்பதுதான். "இருக்காங்கம்மா" என்று பதில் வந்த பிறகே அந்த அம்மாளுக்கு மூச்சு வருகிறது.

அதே குடும்பத்தில் ஒருவர் அறுவடைக் காலத்தில் வரப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டால், கேள்வி மாறிவிடுகிறது. "ஆபரேஷன் பண்ணப்போறது பெரிய டாக்டர்தானே?" என்கிறார்கள். பெரிய டாக்டர் என்றால் ஆண் டாக்டர் என்பது சொல்லாமலே விளங்கும். அவர் முகம் கடுகடுவென்று இருந்தால் இன்னும் விசேஷம். "கோபக்காரர்தான், ஆனா கைராசிக்காரர். கோபம் உள்ள இடத்துலதானே குணம் இருக்கும்?" என்று திண்ணையில் பேசிக்கொள்கிறார்கள்.

தமிழில் 'குணம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மனிதனின் சுபாவமும் குணம். நோய் தீர்வதும் குணம். டாக்டரின் குணத்தைப் பொறுத்தே நோயாளியின் குணம் அமையும் என்று ஜனங்கள் நம்புவதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கைக்கு இப்போது விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு சாக்குக் கிடைத்திருக்கிறது; அதுதான் வியப்பு. அந்தச் சாக்கின் பெயர் ஹார்மோன்.

"சர்ஜன் என்றால் துணிச்சலும் முன்கோபமும் இருக்கும், அது ஆண் ஹார்மோனின் வேகம். லேடி டாக்டர் என்றால் பரிவும் பொறுமையும் இருக்கும். அது பெண் ஹார்மோனின் குளிர்ச்சி." படித்தவர்கள், ஏன், வைத்தியமே படித்தவர்கள்கூட இப்படிப் பேசுவது உண்டு. ஆண் சர்ஜன் ஒருவர் ஆபரேஷன் அறையில் ஆயுதத்தைத் தூக்கி எறிந்தால், 'வேலையில் அவ்வளவு கண்டிப்பு' என்கிறார்கள். அதே இடத்தில் ஒரு பெண் சர்ஜன் குரலை உயர்த்தினால், 'வயசுக் கோளாறு' என்று முணுமுணுக்கிறார்கள். இரண்டும் ஒரே கோபந்தான். ஒன்றைக் கைராசிக் கணக்கில் வரவு வைக்கிறார்கள். மற்றதை ஹார்மோன் கணக்கில் பற்று எழுதுகிறார்கள்.

இந்தக் கணக்கு சரிதானா?

பித்தம் போய் ஹார்மோன் வந்தது

உடம்பில் ஊறும் ஏதோ ஒன்றுதான் மனிதனின் சுபாவத்தை உண்டாக்குகிறது என்ற எண்ணம் பழமையானது. நம் வைத்திய நூல்கள் வாதம், பித்தம், கபம் என்று மூன்றாக வகுத்தன. கிரேக்க வைத்தியர்கள் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்காக வகுத்தார்கள். நிதானம் இழந்து ஆடுகிறவனைப் பார்த்து 'பித்தம் தலைக்கேறிவிட்டது' என்று இன்றும் சொல்கிறோம். பேச்சு வழக்கில் பித்தம் இருந்த நாற்காலியில்தான் இப்போது ஹார்மோன் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தஞ்சைக்கு இந்த விஷயத்தில் வேறொரு பரம்பரையும் உண்டு. 1798 முதல் 1832 வரை தஞ்சையின் மன்னராக இருந்த இரண்டாம் சரபோஜி வைத்தியத்தில் பெரும் ஈடுபாடு கொண்டவர். தன்வந்திரி மகால் என்ற வைத்திய சாலையை ஏற்படுத்தி, நாட்டு மருந்துகளையும் ஐரோப்பிய முறைகளையும் ஒருசேர ஆராயச் செய்தார். அவர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும், நோயுற்ற கண்களின் படங்களும் இன்றும் காக்கப்பட்டிருக்கின்றன. இன்ன ரகத்து மனிதன் இப்படித்தான் என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல், எதிரில் இருப்பவரைப் பார்த்து, கண்டதை எழுதிவைப்பது: நல்ல வைத்தியம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

டாக்டர்களின் சுபாவத்தையும் அதே முறையில் பார்ப்பதுதானே நியாயம்?

மதகும் லஸ்கரும்

'ஹார்மோன்' என்ற சொல் பிறந்து நூற்றிருபது ஆண்டுகள்தான் ஆகின்றன. 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு புதுமையைக் கண்டார்கள். சிறுகுடலிலிருந்து புறப்படும் ஒரு ரசாயனப் பொருள், நரம்பின் உதவியில்லாமல் ரத்தத்தின் வழியாகவே சென்று கணையத்தைச் சுரக்கச் செய்தது. இத்தகைய ரசாயனத் தூதர்களுக்கு 1905-ல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்று பெயரிட்டார். 'தூண்டிவிடுவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

இந்தத் தூதர்கள் வேலை செய்யும் விதத்தைக் காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு விளக்குவது சுலபம். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, எண்ணற்ற வாய்க்கால்களில் ஓடுகிறது. ஆனால் எந்த வயலின் மடை திறந்திருக்கிறதோ அந்த வயலுக்குத்தான் பாயும். ஹார்மோனும் அப்படியே. ரத்தத்தோடு உடம்பெங்கும் ஓடினாலும், அதை வாங்கிக்கொள்ளும் அமைப்பு உள்ள உயிரணுவில்தான் அது வேலை செய்யும்.

எவ்வளவு விடுவது என்பதை, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, மதகடியில் நிற்கும் லஸ்கரைப் போலக் கவனித்துக்கொள்கிறது. லஸ்கருக்கு உத்தரவு கொடுக்கும் மேலதிகாரி, ஹைபோதலமஸ் என்னும் மூளைப் பகுதி. கீழே தண்ணீர் மிகுந்துவிட்டால் மேலே செய்தி போகிறது, மதகு இறங்குகிறது.

தண்ணீர் இல்லாமல் பயிர் இல்லை என்பது உண்மை. ஆனால் விளைவது பொன்னியா, கிச்சிலிச் சம்பாவா, வெறும் கோரையா என்பதைத் தண்ணீரா தீர்மானிக்கிறது? விதையும் மண்ணும் உழவனின் பாடும் அல்லவா தீர்மானிக்கின்றன!

ஹார்மோனுக்குச் சக்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தைராய்டு சுரப்பு மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், எரிச்சல் வரும். அது குறைந்தால் சோர்வும் மந்தமும் தோன்றும். ஆபத்து நேரத்தில் அட்ரினலின் சுரந்து இதயத்தை விரட்டும். இவையெல்லாம் அளந்து பார்க்கக்கூடிய உண்மைகள். ஆனால் 'இவருக்கு இந்தச் சுரப்பு; ஆகையால் இவருக்கு இந்தத் தொழில்தான் பொருந்தும்' என்று சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனை உலகில் எங்கும் இல்லை.

ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் என்ற பெயர்களிலேயே பாதிப் பிசகு இருக்கிறது. ஆண் ஹார்மோன் எனப்படும் டெஸ்டோஸ்டிரோன் பெண்ணின் உடம்பிலும் சுரக்கிறது, அளவுதான் குறைவு. பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜன் ஆணின் உடம்பிலும் இருக்கிறது. 1934-ல் ஸோண்டெக் என்ற ஆராய்ச்சியாளர் பெண் ஹார்மோன் ஏராளமாக நிறைந்த ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். அது எது தெரியுமா? பொலிகுதிரையின் சிறுநீர்!

பாஸ்டன் சொன்னது, சென்னை செய்தது

ஹார்மோன் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே, அதே வாதத்தை வேறு பெயரில் சொன்னவர்கள் உண்டு. 1873-ல் அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு கிளார்க் என்ற டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். பெண்கள் ஆண்களைப் போல் உயர்கல்வி கற்றால் உடம்பின் சக்தி மூளைக்குப் போய்விடும், கருப்பை கெட்டுவிடும் என்பது அவர் கட்சி.

இதற்குப் பதில் சொன்னவர் மேரி புட்னம் ஜேக்கோபி என்ற பெண் டாக்டர். அவர் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. பெண்களிடமிருந்து விவரங்களைத் திரட்டினார். மாதத்தின் வெவ்வேறு நாட்களில் அவர்களுடைய நாடியையும் வலிவையும் அளந்து பார்த்தார். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஓய்ந்து கிடக்க வேண்டிய அவசியம் இல்லை என்று எழுதினார். 1876-ல் அந்தக் கட்டுரைக்குப் பரிசு கொடுத்தது எது? கிளார்க்கின் அதே ஹார்வர்டு!

கிளார்க்கின் புத்தகம் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1875-ல், சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. லண்டன் பல்கலைக் கழகமே பெண்களுக்கு வைத்தியப் பட்டம் கொடுக்க முன்வராத காலம் அது. அந்த நால்வரில் ஒருவரான மேரி ஷார்லீப், பிறகு லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, கோஷாப் பெண்களுக்காகச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரிதான் அது.

தஞ்சைக்கு அடுத்த புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கி அனுமதி கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அந்தப் பெண் 1912-ல் சிறப்புடன் தேறினார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே பின்னாளில் அவரை ஒரு பெரிய காரியத்தில் இறக்கியது. 1954-ல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் ஆஸ்பத்திரி அவர் முயற்சியின் பலன்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய வாதம் சாகவில்லை. 1970-ல் அமெரிக்காவில், எட்கர் பெர்மன் என்ற சர்ஜன், ஹார்மோன்களின் கொந்தளிப்பால் பெண்கள் பெரிய பதவிகளுக்குத் தகுதியற்றவர்கள் என்று பகிரங்கமாகக் கூறினார். பாட்ஸி மிங்க் என்ற பெண் காங்கிரஸ் உறுப்பினர் கடுமையாக எதிர்த்தார். கிளர்ச்சி பெரிதாகி, பெர்மன் தாம் இருந்த கட்சிக் கமிட்டியிலிருந்து விலக நேர்ந்தது.

முதல் எழுத்தில் தஞ்சாவூர்

பெர்மன் இப்படிப் பேசிய நாளில், சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மனித மூளையில் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். அவர் டாக்டர் டி. எஸ். கனகா. பெயரின் முதல் எழுத்து தஞ்சாவூரைக் குறிக்கும். இரண்டாவது எழுத்து தந்தை சந்தானகிருஷ்ணனை.

1932-ல் சென்னையில் பிறந்த கனகா, 1954-ல் டாக்டர் பட்டம் பெற்றார். சீனப் படையெடுப்பின்போது ராணுவத்தில் வைத்திய அதிகாரியாகப் பணி புரிந்தார். 1963-ல் பொது ரணசிகிச்சையில் உயர் பட்டம். 1968-ல் நரம்பு ரணசிகிச்சையில் உயர் பட்டம். அந்தத் துறையில் பெண்களை உலகம் முழுவதும் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது.

அவருக்குத் துறைத் தலைவராக இருந்தவரும் காவிரிக் கரைக்காரரே. சீர்காழியில் 1922-ல் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி, 1950-ல் சென்னையில் நரம்பு ரணசிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவர். அவரும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும் கனகாவும் சேர்ந்து செய்த ஆபரேஷன்கள் மிக நுட்பமானவை. தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, கணக்குப் போட்டு, மயிரிழை பிசகாமல் மூளையின் ஆழத்திலுள்ள ஒரு புள்ளிக்கு ஊசி போன்ற கருவியைச் செலுத்த வேண்டும். அங்கே முன்கோபத்துக்கு வேலையில்லை. பதற்றமில்லாத கையும் சலிக்காத கணக்கும்தான் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடக்க முடியாத மூர்க்கம் கொண்ட நோயாளிகளுக்கு, ஹார்மோன்களுக்கு உத்தரவிடும் அந்த ஹைபோதலமஸ் பகுதியிலேயே இந்தக் குழுவினர் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். அத்தகைய சிகிச்சைகள் பின்னாளில் உலகெங்கும் பலத்த சர்ச்சைக்கு உள்ளாகி, பெரும்பாலும் கைவிடப்பட்டன. ஆனால் எந்த ஹார்மோனைக் காட்டிப் பெண் சர்ஜன் ஆக முடியாது என்றார்களோ, அந்த ஹார்மோனின் தலைமை அலுவலகத்துக்கே கருவியோடு சென்று வந்தவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார் என்பதை மறுக்க முடியாது.

கனகா 2018-ல் காலமானார். நூறு தடவைக்கு மேல் ரத்ததானம் செய்தவர் அவர். அவருடைய சுபாவத்தை 'ஆண் ரகம்' என்பதா, 'பெண் ரகம்' என்பதா?

மாத்திரை செய்த மாயம்

நம்பிக்கையா, ஹார்மோனா, எது வலியது? இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் சுவிட்சர்லாந்து நாட்டில் ஜூரிக் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள். முடிவு 2010-ல் வெளியாயிற்று.

சுமார் 120 பெண்களுக்கு ஆளுக்கொரு மருந்து கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்தது டெஸ்டோஸ்டிரோன். மற்றவர்களுக்கு வெறும் மருந்து. யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. பிறகு பணத்தைப் பங்கிடும் விளையாட்டு ஒன்றை ஆடச் செய்தார்கள். ஒருத்தி பங்கு சொல்ல வேண்டும். மற்றவள் ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை.

ஆண் ஹார்மோன் உள்ளே போனவர்கள் பேராசையும் முரட்டுத்தனமும் காட்டியிருக்க வேண்டுமல்லவா? நடந்தது நேர்மாறு. உண்மையில் ஹார்மோன் பெற்றவர்கள் அதிக நியாயமாகப் பங்கிட்டார்கள். ஆனால் 'நமக்குக் கொடுத்தது ஆண் ஹார்மோன்தான்' என்று நம்பிய பெண்கள், உட்கொண்டது எதுவாயிருந்தாலும், குறைந்த பங்கையே கொடுக்க முன்வந்தார்கள். முரட்டுத்தனம் மருந்தில் இல்லை. மருந்தைப் பற்றிய நம்பிக்கையில் இருந்தது.

சர்ஜனின் கோபமும் இப்படிப்பட்டதுதானோ என்று எண்ணத் தோன்றுகிறது. 'சர்ஜன் என்றால் சீறுவார்' என்று முதல் நாளிலிருந்தே கேட்டு வளரும் இளம் டாக்டர் சீறப் பழகுகிறார். சீறினால் மரியாதை கிடைப்பதைப் பார்த்து, அதையே சுபாவமாக்கிக்கொள்கிறார். இரவு முழுதும் தூக்கமில்லாத டியூட்டி வேறு சேர்ந்துகொள்கிறது. பழியோ சுரப்பியின்மேல் விழுகிறது.

வாழ்க்கை ஹார்மோனை மாற்றுவதும் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் செபு என்ற இடத்தில் 624 இளைஞர்களை ஆராய்ந்த முடிவு 2011-ல் வெளிவந்தது. தகப்பன் ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் வெகுவாகக் குறைந்திருந்தது. தினமும் பல மணி நேரம் குழந்தையைக் கவனித்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. செய்யும் வேலையைப் பார்த்துச் சுரப்பி தன் மதகை ஏற்றி இறக்குகிறது!

பெண் கத்தி பிடித்தால் நோயாளியின் கதி என்ன என்பதையும் கணக்கெடுத்திருக்கிறார்கள். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 3,314 சர்ஜன்களிடம் ஆபரேஷன் செய்துகொண்ட 1,04,630 நோயாளிகளின் விவரம் 2017-ல் வெளியாயிற்று. பெண் சர்ஜன்களின் நோயாளிகளில் 30 நாட்களுக்குள் இறந்தவர்களின் விகிதம் சற்றுக் குறைவாகவே இருந்தது. வித்தியாசம் சிறியது. அதை வைத்துப் பெண் ஹார்மோனுக்கு மகுடம் சூட்டினால், பழைய தவற்றையே தலைகீழாகச் செய்தது போலாகும். பெண் கையில் கத்தி இருந்தால் ஆபத்து என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நஷ்டம் யாருக்கு?

திண்ணைப் பேச்சுதானே, இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் நோயாளிக்கு. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று வரும் நடுவயதுப் பெண்ணை 'எல்லாம் ஹார்மோன் கோளாறு' என்று திருப்பி அனுப்பினால், தைராய்டு நோயும் இருதய நோயும் தப்பிவிடும். ஹார்மோனின்மேல் பழி போடும் அவசரத்தில், உண்மையான ஹார்மோன் நோயையே கோட்டை விடுவதைவிடப் பரிதாபம் உண்டா?

நஷ்டம் மாணவர்களுக்கும்தான். 1959-ல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி உட்பட, தமிழ்நாட்டின் எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் இன்று மாணவிகள் ஏராளம். ஆனால் எலும்பு முறிவு ரணசிகிச்சைக்குப் போகும் பெண்கள் மிகச் சிலரே. 'உனக்கெதற்கம்மா சுத்தியலும் ரம்பமும்? கண் வைத்தியமோ குழந்தை வைத்தியமோ எடுத்துக்கொள்ளேன்' என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். மென்மையான சுபாவமுள்ள பையன் சர்ஜன் ஆக விரும்பினால், அவன் பொய்க்கோபத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நடவும் இயந்திரமும்

காவிரிப் படுகையில் காலங்காலமாக உழவு ஆண்களுடையது; நடவு பெண்களுடையது. இடுப்பொடிய நாள் முழுதும் சேற்றில் குனிந்து நாற்று நடும் பொறுமை பெண்ணுக்குத்தான் இயற்கையிலேயே உண்டு என்று எல்லோரும் நம்பினார்கள். பிறகு நடவு இயந்திரம் வந்தது. இன்று அதன் இருக்கையில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர் ஆண். அவருக்குப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வேலைக்கு இருக்கையும் கூலியும் கூடியதும், இயற்கை என்று சொன்னது தானாகவே மாறிவிட்டது.

ஆஸ்பத்திரியிலும் கதை இதுதான். யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்பதை வழக்கம் தீர்மானிக்கிறது. பிறகு வழக்கத்துக்குச் சுரப்பியைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

பிரசவத்துக்கு வந்த மாமியார் லேடி டாக்டரைக் கேட்டதில் தவறில்லை. கூச்சப்படும் மருமகளுக்கு ஒரு பெண் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் அதே லேடி டாக்டர் நாளைக்கு அந்தக் குடும்பத்தின் முறிந்த எலும்பைச் சேர்க்க வந்து நின்றால், 'பெரிய டாக்டர் இல்லையா?' என்று எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

வாசலில் அந்த அம்மாள் இன்னொரு கேள்வியும் கேட்கிறாள். ஸ்டிரெச்சர் உள்ளே போகும்போது, ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்கிறாள்: "டாக்டர் நல்லாப் பாப்பாங்கள்ல?"

ஆணானாலும் பெண்ணானாலும், எந்த டாக்டரைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றே.